மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பெற்றோருக்கு

விடியற்காலை ஐந்து மணிக்குக் கல்யாண் அல்லது டோம்பிவிலி ரயில் நிலையத்தில் நின்று பார்த்தவர்கள் இக்காட்சியை நன்கு அறிவார்கள். தன் உயரத்திற்குச் சமமான கிரிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு சிறுவன் தூக்கக் கலக்கத்தோடு நிற்பான். ஒரு கையில் தண்ணீர்ப் புட்டியும் மறு கையில் சிற்றுண்டிப் பொட்டலமுமாக அவனுடைய தகப்பன் அருகில் நிற்பார். இருவரும் லோக்கல் ரயிலில் ஏறி, ஒரு மணி நேரத்திற்கு மேல் பயணம் செய்து, மும்பையின் ஆசாத் மைதானத்திற்கோ கிராஸ் மைதானத்திற்கோ போய்ச் சேருவார்கள். மகன் உள்ளே இறங்குவான். தகப்பன் எல்லைக்கோட்டின் அருகே நின்றுகொள்வார். உள்ளே ஆடுகிறவன் மகன்தான் என்றாலும், ஒவ்வொரு பந்துக்கும் தகப்பனுடைய முகமே அதிகமாக மாறிக்கொண்டிருக்கும்.

அப்படி நிற்கும் தகப்பன்மாரில் நம் தமிழ்க் குடும்பத்தினரும் பலர் உண்டு. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள். தாங்கள் படாத நன்மையைத் தங்கள் பிள்ளைகள் காண வேண்டும் என்று விரும்புகிறவர்கள். அந்த விருப்பத்தில் தவறேதும் இல்லை. ஆனால் பிள்ளையின் விளையாட்டைக் குறித்து நாம் கொள்ளும் எதிர்பார்ப்புகளில் எது நியாயமானது, எது பிள்ளையால் சுமக்க முடியாதது என்பதை நாம் நின்று நிதானித்து யோசிக்கிறோமா? டெல்லியிலோ பெங்களூரிலோ ஆமதாபாத்திலோ வாழும் வாசகர்களுக்கும் இக்கேள்வி பொருந்தும். எனினும் பள்ளிக் கிரிக்கெட்டுக்குப் பேர்போன மும்பையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1988-இல் காத்திருந்த ஒரு சிறுவன்

1988-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஆசாத் மைதானத்தில் ஹாரிஸ் கேடயப் போட்டியின் அரையிறுதி ஆட்டம். சாரதாசிரமம் பள்ளியும் புனித சேவியர் பள்ளியும் மோதின. சாரதாசிரமத்தின் இரண்டு மாணவர்கள் ஆட்டமிழக்காமல் 664 ஓட்டங்களைச் சேர்த்தனர். வினோத் காம்ப்ளி 349, சச்சின் டெண்டுல்கர் 326. அந்தச் சாதனையைக் கேள்விப்படாத கிரிக்கெட் ரசிகர் இல்லை.

ஆனால் அன்று எல்லைக்கோட்டுக்கு வெளியே வேறொரு சிறுவன் இருந்தான். அடுத்ததாக இறங்க வேண்டிய அவனுக்கு வயது 13. கால்காப்புகளைக் கட்டிக்கொண்டு, மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தான். அவன் முறை வரவே இல்லை. அவன் பெயர் அமோல் மஜும்தார்.

அன்று அந்த மைதானத்தில் இருந்த சிறுவர்களின் பிற்காலத்தைச் சற்றுக் கவனியுங்கள். டெண்டுல்கர் 200 டெஸ்ட் ஆட்டங்கள் ஆடி 2013-இல் ஓய்வு பெற்றார். காம்ப்ளி 17 டெஸ்ட் ஆட்டங்களில் 54-க்கும் மேற்பட்ட சராசரி வைத்திருந்தும், தம் 23-ஆம் வயதிலேயே கடைசி டெஸ்டை ஆடி முடித்தார். எதிரணியில் பந்து வீசிய சாய்ராஜ் பஹுதுலே 2001-இல் இரண்டு டெஸ்ட் ஆட்டங்களில் இந்தியாவுக்காக ஆடினார். மஜும்தாரோ 1993-94 பருவத்தில் தம் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே 260 ஓட்டங்கள் குவித்தார். முதல்தரக் கிரிக்கெட்டில் மொத்தம் 11,000 ஓட்டங்களைத் தாண்டினார். 2006-07-இல் மும்பைக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றார். ஆயினும் இந்திய அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆட அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அன்று களத்தில் இருந்த மற்றச் சிறுவர்களில் பெரும்பாலோருடைய பெயர்கள் நமக்குத் தெரியாது.

நம் மகனைப் பார்க்கும்போது நம் மனக்கண்ணில் டெண்டுல்கர் தெரிகிறார். பெயர் தெரியாமற்போன மற்றச் சிறுவர்களில் ஒருவனாகவும் அவன் இருக்கலாம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்த்தாலும், அது நம் பிள்ளைக்கு நேர்ந்த தோல்வி என்றே நினைக்கிறோம்.

செலவைக் கணக்குப் பாருங்கள்

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்ததை நாம் அறிவோம். விளையாட்டுக்கும் அந்தக் கணக்கு வேண்டும்.

இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932-இல் ஆடியது. அன்று முதல் 2024 முடிய ஆடவர் டெஸ்ட் அணியில் இடம் பெற்றவர்கள் 320 பேருக்கும் குறைவு. ஆண்டுக்குச் சராசரியாக மூன்று அல்லது நான்கு புதியவர்கள். ஐ.பி.எல். போட்டியில் 2022 முதல் பத்து அணிகள் ஆடுகின்றன. ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர். வெளிநாட்டவரையும் சேர்த்து மொத்தம் 250 இடங்கள் மட்டுமே. இந்தப் பெரிய தேசத்தின் எல்லா மாநிலங்களிலும் எல்லாப் பள்ளிகளிலும் மட்டை பிடிக்கும் சிறுவர்களை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒருநாள் சாதனையும் எதிர்காலத்திற்கு உத்தரவாதமல்ல. 2016 ஜனவரியில் கல்யாணில் நடந்த பள்ளி ஆட்டமொன்றில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகனான 15 வயது பிரணவ் தனவாடே ஆட்டமிழக்காமல் 1,009 ஓட்டங்கள் எடுத்தார். அதற்கு முன் எந்த அளவிலான கிரிக்கெட்டிலும் ஒருவர் ஒரே இன்னிங்ஸில் ஆயிரம் ஓட்டங்களைத் தொட்டதில்லை. உலகமெங்கும் அவர் பெயர் பேசப்பட்டது. மும்பை கிரிக்கெட் சங்கம் மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை அளித்தது. ஆனால் அடுத்த ஆண்டே அவருடைய ஆட்டம் தளர்ந்தபோது, அந்த உதவித்தொகையை நிறுத்திவிடும்படி அவருடைய தகப்பனாரே சங்கத்தைக் கேட்டுக்கொண்டார். ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் ஒருவர், மகன் ஆட்டம் சரியில்லாத நாளில் வந்த பணத்தை வேண்டாம் என்று சொன்ன நேர்மையை நாம் பாராட்ட வேண்டும். மகனுடைய தோள்மேல் இருந்த ஒரு பாரத்தை அவர் இறக்கி வைத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆயிரத்தொன்பது ஓட்டங்கள் எடுத்த பிள்ளைக்கே பாதை எளிதாகவில்லை. அப்படியிருக்க, பள்ளி ஆட்டத்தில் நம் மகன் எடுத்த 40 ஓட்டங்களை நம்பிக் கடன் வாங்கலாமா?

ஒரு சகோதரரின் வீட்டில் நடந்தது

தம் பெயரைக் குறிப்பிடாமல் எழுதும்படி கேட்டுக்கொண்ட ஒரு சகோதரரின் அனுபவம் இது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, அம்பர்நாத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். அவருடைய மகன் வேகமாகப் பந்து வீசுவான். 'பையனிடம் திறமை இருக்கிறது' என்று பயிற்சியாளர் ஒருநாள் சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாயிருந்தது. சகோதரர் வேலை செய்யும் இடத்தில் கடன் எடுத்து, ஒரு வருடப் பயிற்சிக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினார். வாரத்தில் ஆறு நாள் பயிற்சி. அதற்கு மேல் பள்ளி அணியின் ஆட்டங்கள். மீந்த நேரத்தில் குடியிருப்பில் டென்னிஸ் பந்து ஆட்டம்.

ஒருநாள் இரவு குடும்ப ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். மகன் மட்டும் சுவரில் ஒரு கையை ஊன்றி, மெல்ல மெல்ல எழுந்தான். தாய் அதைக் கவனித்தாள். அடுத்த நாளும் கவனித்தாள். மூன்றாம் நாள் அவனைத் தனியே அழைத்துக் கேட்டபோது, இரண்டு மாதங்களாக முதுகு வலிக்கிறது என்று ஒப்புக்கொண்டான். மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் மயிரிழை போன்ற எலும்பு முறிவு. குறைந்தது நான்கு மாதங்கள் பந்தைத் தொடவே கூடாது என்றார் மருத்துவர்.

"ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்று தகப்பன் கேட்டார்.

"ஒரு வருடப் பணத்தையும் கட்டிவிட்டீர்களே, அப்பா. நடுவில் நின்றுவிட்டால் பணம் வீணாகிப் போகுமே" என்றான் மகன்.

அந்தச் சகோதரர் என்னிடம் சொன்னது: "நான் அவனை ஒருநாளும் அடித்ததில்லை. விக்கெட் எடுக்கவில்லை என்று திட்டியதும் இல்லை. நல்ல தகப்பன் என்றே என்னைக் குறித்து நினைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்ததும், கடனுக்கு எவ்வளவு போகிறது என்று என் மனைவியிடம் அவன் காதில் விழும்படிதான் பேசியிருக்கிறேன். ஒரே அறைதானே எங்கள் வீடு. அவன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்."

பிரியமான பெற்றோரே, பெரிய கனவு காண்பது குற்றமல்ல. அந்தக் கனவின் கடனைப் பிள்ளையின் கணக்கில் எழுதுவதே தவறு. நாம் வாய்திறந்து கேட்க வேண்டுவதில்லை. நம் பெருமூச்சும் நம் வட்டிக் கணக்கும் கேட்டுவிடுகின்றன. எதிர்பார்ப்பு அளவுக்கு மிஞ்சியதா என்பதை அறிய எளிய ஒரு சோதனை உண்டு. 'என் பிள்ளை எந்த அணிக்கும் தேர்ந்தெடுக்கப்படாமற்போனாலும், இந்தப் பணத்தையும் நேரத்தையும் செலவிட்டது சரிதான் என்று சொல்வேனா?' என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். 'ஆம்' என்று மனம் சொன்னால் தாராளமாகச் செலவிடுங்கள். 'இல்லை' என்று சொன்னால், அந்த வித்தியாசத்தை உங்கள் பிள்ளைதான் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

சரீரத்தின் அளவை அறியுங்கள்

வளரும் பிள்ளையின் எலும்பு, வளர்ந்தவரின் எலும்பு அல்ல. இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்குக் கீழ்முதுகில் இத்தகைய முறிவு ஏற்படுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. அதனால்தான் இங்கிலாந்து போன்ற நாடுகளில் சிறுவர்கள் ஒரு நாளில் இத்தனை ஓவர்களுக்கு மேல் வேகப்பந்து வீசக்கூடாது என்று வயதுவாரியாக வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் மூன்று இடங்களில் ஆடும்போது, மூன்றையும் கூட்டிக் கணக்கு வைப்பவர் எவரும் இல்லை. பயிற்சியாளருக்குப் பள்ளி ஆட்டம் தெரியாது. பள்ளி ஆசிரியருக்குக் குடியிருப்பு ஆட்டம் தெரியாது. மொத்தக் கணக்கு பெற்றோரிடம்தான் இருக்க வேண்டும்.

ஐந்து முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடல் உழைக்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே விளையாட்டே வேண்டாம், படிப்பு மட்டும் போதும் என்பதும் சரியல்ல. அதேவேளையில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2016-இல் தந்த ஆலோசனைகளையும் கவனியுங்கள். 15 அல்லது 16 வயதுக்கு முன் பிள்ளையை ஒரே விளையாட்டில் கட்டிப்போட வேண்டாம். வாரத்தில் ஓரிரு நாள் பயிற்சியிலிருந்து முழு ஓய்வு கொடுங்கள் என்பவை அவற்றுள் முக்கியமானவை.

இன்னொன்று: 12, 13 வயதில் சிலர் சட்டென்று வளர்ந்துவிடுவார்கள், சிலர் 16 வயதில்தான் வளர்வார்கள். வாரியத்தின் வயதுப் பிரிவுப் போட்டிகளுக்கு செப்டம்பர் 1 கணக்குத் தேதி. எனவே செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஓர் ஆண்டு வளர்ச்சி. இன்று தேர்வாகாதவன் திறமையற்றவன் என்று முடிவுகட்ட வேண்டாம். இன்று உயரத்தால் வெல்கிறவன் என்றும் வெல்வான் என்றும் எண்ண வேண்டாம்.

ஒரு சோதனையைக் குறித்து எச்சரிக்கை

இந்த உயர வித்தியாசத்தைக் காணும் சில பெற்றோர், பிறப்புச் சான்றிதழில் ஒன்றிரண்டு வருடங்களைக் குறைத்துவிட்டால் என்ன என்று யோசிக்கிறார்கள். 'எல்லாரும் செய்கிறார்கள்' என்று சொல்லும் தரகர்களும் இருக்கிறார்கள். 16 வயதுக்குட்பட்டோர் போட்டிகளுக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியம் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைச் சோதிக்கிறது. வயதை மறைத்தவர்கள் தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டால் தண்டனை இல்லை, பிடிபட்டால் இரண்டு ஆண்டுத் தடை என்று 2020-இல் அந்த வாரியம் அறிவித்தது. ஆனால் பிடிபடுவோம் என்ற பயத்தினால் மட்டுமா நாம் இதைத் தவிர்க்க வேண்டும்? யாராவது பிறந்த தேதி கேட்கும்போதெல்லாம் பொய்யைச் சொல்ல வேண்டியவன் உங்கள் பிள்ளை. அந்தப் பொய்யை அவனுக்குக் கற்பித்தவர் அவனுடைய தகப்பன் என்பதை அவன் மறக்கமாட்டான்.

நியாயமான நம்பிக்கைகள் எவை?

அப்படியானால் எதையும் எதிர்பார்க்கக் கூடாதா? எதிர்பார்க்கலாம். அடையக்கூடிய நன்மைகள் அநேகம் உண்டு.

முதலாவது, ஆரோக்கியமும் ஒழுங்கும். குறித்த நேரத்தில் எழும்புதல், தோற்றபின் எதிரணியின் கையைக் குலுக்குதல், தன்னைவிடச் சிறந்தவனைப் பார்த்துப் பொறாமையின்றிக் கைதட்டுதல் ஆகியவற்றை அணியில் இடம்பெறும் பதினொரு பேரும் கற்கலாம், வெளியே அமர்ந்திருப்பவனும் கற்கலாம்.

இரண்டாவது, நட்பு. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வெளியில் மராத்தியும் இந்தியும் பேசி வளர்கிறார்கள். அந்நியமான நகரத்தில் அவர்களுக்கு உரிமையோடு ஓர் இடம் கிடைப்பது பல வேளைகளில் மைதானத்தில்தான்.

மூன்றாவது, படிப்பிலும் வேலையிலும் கிடைக்கும் உதவி. அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் மாவட்ட, மாநில, தேசிய அளவில் பங்கேற்பவர்களுக்கு மகாராஷ்டிரத்தில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் கூடுதல் மதிப்பெண் தரும் ஏற்பாடு உண்டு. ரயில்வே உள்ளிட்ட துறைகளில் விளையாட்டு வீரர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2024-25 கல்வியாண்டிலிருந்து இளநிலைப் படிப்புகளில் விளையாட்டு வீரர்களுக்குச் சில கூடுதல் இடங்களை வைத்திருக்கிறது. ஆனால் அவற்றுக்கும் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். படிப்பை விட்டுவிட்டு விளையாட்டை மட்டும் பிடித்துக்கொண்டவனுக்கு அந்தக் கதவு திறக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'தேசியப் போட்டி' என்று பெயர் வைத்து, பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கி, வெளியூர் அழைத்துச் சென்று, பதக்கமும் சான்றிதழும் கொடுத்து அனுப்பும் தனியார் அமைப்புகள் பல உண்டு. அங்கீகாரம் இல்லாத போட்டிகளின் சான்றிதழ் கல்லூரிச் சேர்க்கைக்கும் வேலைக்கும் உதவாது. பணம் கட்டுமுன் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடமும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மகள்களுக்கு எதிர்பார்ப்பே இல்லையா?

மகன்களிடம் அளவுக்கு மிஞ்சி எதிர்பார்க்கும் நாம், மகள்களிடம் எதையுமே எதிர்பார்ப்பதில்லை. ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வரும் மகளை, 13 வயதானதும் 'போதும், இனி வீட்டில் இரு' என்று நிறுத்திவிடுகிறோம். அதுவும் உண்மைநிலைக்குப் பொருந்தாத எண்ணமே.

2025 நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில், நம்மில் பலர் குடியிருக்கும் பகுதிக்கு அருகிலேயே, இந்திய மகளிர் அணி தென் ஆப்பிரிக்காவை வென்று முதன்முறையாக உலகக் கோப்பையைப் பெற்றது. அதற்கு மூன்று நாட்களுக்கு முன் அதே மைதானத்தில் நடந்த அரையிறுதியில் மும்பையின் ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 127 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். சிறுவயதில் மகாராஷ்டிர இளையோர் அணியில் ஹாக்கியும் ஆடியவர் அவர். அதே தொடரில் ஓர் ஆட்டத்தில் அவர் அணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். மனப் பதற்றத்தினால் அந்நாட்களில் அடிக்கடி அழுததாக வெற்றிக்குப் பின் வெளிப்படையாகச் சொன்னார். இந்திய அணி வரை சென்றவருக்கே அந்தப் பாரம் என்றால், நம் வீட்டுப் பிள்ளை அழுவதில் வியப்பென்ன?

அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் யார் தெரியுமா? 1988-இல் கால்காப்புக் கட்டிக் காத்திருந்த அதே அமோல் மஜும்தார்.

இதைச் சொல்வதால், காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒருநாள் கோப்பை வரும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் பொய்யான நம்பிக்கையே. தேர்வாளர்கள் அழைக்காத அந்த இருபது ஆண்டுகளிலும் அவர் தம் வேலையைச் செம்மையாகச் செய்தார். 2025-இல் கோப்பை வராமல் போயிருந்தாலும் அந்த இருபது ஆண்டுகள் வீணல்ல.

ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி

நம் குடும்பங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பயிற்சி முகாம்களின் ஆட்டங்கள் பல ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நடக்கின்றன. அதே நேரத்தில்தான் ஆராதனையும்.

எரிக் லிடலின் வரலாறு நம்மில் பலருக்குத் தெரியும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச்சுற்று ஞாயிறன்று வந்ததால் அவர் அதில் ஓடவில்லை. 400 மீட்டர் ஓட்டத்தில் 47.6 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். பின்னர் சீனாவுக்கு மிஷனரியாகச் சென்று, 1945-இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் மரித்தார். இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஓர் உண்மையை மறைக்க வேண்டாம். அவர் பல மாதங்களுக்கு முன்பே முடிவெடுத்து, முன்பே தெரிவித்து, வேறொரு தூரத்திற்காக உழைத்துப் பயிற்சி பெற்றார். ஞாயிறன்று ஆட மறுத்தால் தங்கம் கிடைக்கும் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அணியில் இடம் போகவும் கூடும் என்பதைச் சொல்லியே முடிவெடுங்கள்.

ஒவ்வொரு குடும்பமும் ஜெபித்து எடுக்கும் முடிவு வேறுபடலாம். மாலை ஆராதனைக்குச் செல்லும் குடும்பங்களும் உண்டு. ஞாயிறு ஆட்டமே இல்லாத பயிற்சியிடத்தைத் தேடிச் சேர்த்தவர்களும் உண்டு. எந்த முடிவானாலும் சேரும் நாளிலேயே பயிற்சியாளரிடம் நீங்களே சொல்லுங்கள். சனிக்கிழமை இரவு 12 வயதுப் பிள்ளையைத் தொலைபேசியில் பேசவைத்து, 'நாளை வரமாட்டேன் சார்' என்று சொல்லச் செய்வது பெரியவர்களின் வேலையைச் சிறுவன் தலையில் வைப்பதாகும்.

பட்டியலில் பெயர் இல்லாத நாளில்

அணியின் பட்டியல் ஒட்டப்படுகிறது. உங்கள் பிள்ளையின் பெயர் இல்லை. அன்று என்ன செய்வீர்கள்?

'நாம் தமிழர்கள், அதனால்தான் எடுக்கவில்லை' என்ற வார்த்தை நம் வாயில் எளிதாக வந்துவிடுகிறது. பாரபட்சம் எங்கும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விசாரிக்காமல் அந்த வார்த்தையைப் பிள்ளையின் காதில் போட்டுவிட்டால், அவன் தன் குறையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை இழப்பதோடு, தன்னோடு ஆடும் பிள்ளைகளையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவான். புனேயின் கட்கியில், இராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் மைதானப் பணியாளர் ஒருவருக்குப் பிறந்த தமிழ்ப் பிள்ளை தன்ராஜ் பிள்ளை. உடைந்த ஹாக்கி மட்டைகளைக் கயிறு சுற்றி ஆடப் பழகியவர். அவர் 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காக ஆடினார். 1998-இல் தலைமை தாங்கி ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றார். மொழி ஒரு தடையாகவே எப்போதும் இருப்பதில்லை.

பட்டியல் வந்த அன்றே பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு நாள் கழித்து, பிள்ளை அருகில் இல்லாதபோது, அமைதியாக மூன்று கேள்விகள் கேளுங்கள். எதில் அவன் குறைவுபடுகிறான்? அதைத் திருத்த எவ்வளவு காலம் ஆகும்? உங்கள் சொந்தப் பிள்ளையாயிருந்தால் அவனை இதில் தொடரச் செய்வீர்களா? மூன்றாவது கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லும் பயிற்சியாளர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

பிள்ளையிடம் அன்று அதிகம் பேச வேண்டாம். 'அடுத்த முறை நிச்சயம் கிடைக்கும்' என்று சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள். வழக்கம்போல் குடும்ப ஜெபத்தில் உட்காருங்கள். வீட்டில் எதுவும் மாறவில்லை என்பதை அவன் கண்ணால் காணட்டும்.

அம்பர்நாத் சகோதரரின் மகன் நான்கு மாதங்களுக்குப் பின் மருத்துவரின் அனுமதியோடு மீண்டும் பந்து வீசுகிறான். வாரத்தில் நான்கு நாள் மட்டுமே பயிற்சி. பள்ளி அணியில் பெரும்பாலும் அவன் பன்னிரண்டாவது ஆள்தான். கடனில் இன்னும் சில தவணைகள் பாக்கி இருக்கின்றன. அதைக் குறித்து இப்போது கணவனும் மனைவியும் வீட்டுக்கு வெளியே நடந்துகொண்டே பேசுகிறார்கள்.

"முன்பெல்லாம் மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் 'எத்தனை விக்கெட்?' என்றுதான் கேட்பேன்" என்றார் அந்தச் சகோதரர். "இப்போது ஒன்றும் கேட்பதில்லை. வடா பாவ் வாங்கிக் கொடுத்துவிட்டு ரயிலில் அருகே உட்கார்ந்துகொள்கிறேன். காட்கோபர் தாண்டுவதற்குள் அவனே பேச ஆரம்பித்துவிடுகிறான். கல்யாண் வரை நிறுத்துவதில்லை."